பல்லக்கு முழுக்க நெறிக்கட்டி

என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் மயில்கழுத்து நிறத்தில் சிறுநீர் கழித்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள், நானும் அன்றைக்குச் சிரித்தேன். உங்கள் துறைத்தலைவர் என்னை இங்கே அழைத்தபோது, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவுவதைப் பற்றியும் அதை வைத்து நோயின் நிலையை நிர்ணயிப்பதைப் பற்றியும் பேசச் சொன்னார். அந்தத் தலைப்பைக் கேட்டதும் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. பாடத்தை உங்கள் புத்தகங்கள் என்னைவிட நன்றாகச் சொல்லும். நான் வரதனைப் பற்றிச் சொல்கிறேன். தலைப்பு அதற்குள்ளேயே இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரி, பெயர் எதற்கு. நான் அங்கே உதவி அறுவை மருத்துவன். எங்கள் சீஃப் வெளிநாட்டில் பயிற்சி முடித்துத் திரும்பியவர். அவருடைய ஷூ சத்தம் கேட்டாலே வார்டில் படுத்திருப்பவர்கள் போர்வையைச் சரிசெய்துகொள்வார்கள். கோபம் மூக்கு நுனியில் இருக்கும், ஆனால் வந்த வேகத்திலேயே இறங்கிவிடும். கைராசிக்காரர். நானோ மாகறல் பக்கத்தில் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை. கல்லூரிக்குப் போகும்வரை செருப்பு என்பதே என் காலில் ஏறியதில்லை. இந்தக் கதைக்கு என் படிப்பைவிட இந்தச் செய்திதான் முக்கியம், மறந்துவிடாதீர்கள்.

வரதன் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். பெருமாள் வீதி உலா வரும்போது பல்லக்கைத் தோளில் சுமக்கிற சீபாதக்காரர்களில் ஒருவர். தோளில் ஒரு காய்ப்பு, சின்ன மாங்கொட்டை அளவுக்கு. சிறுநீரில் ரத்தம் போகிறது என்று வந்தார். சீஃப் குழாய் போட்டுச் சிறுநீர்ப்பையின் உள்ளே பார்த்தார். பையின் உச்சியில் ஒற்றைக் கட்டி, தசைக்குள் வேர்விட்டிருந்தது. இடம் நல்ல இடம். பையில் அந்தப் பகுதியை மட்டும் சுற்றிலும் கொஞ்சம் தாராளமாக வெட்டி எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார், மீதிப் பையை வைத்துக்கொண்டு எல்லோரையும் போல இருக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை, நோய் நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருக்கக் கூடாது. போயிருந்தால் கத்தியை எடுக்காதே என்பதுதான் எங்கள் சீஃப் படித்துவிட்டு வந்த சட்டம்.

சீஃப் கடைசியாக வரதனின் தொடையிடுக்கில் கைவைத்தார். இரண்டு பக்கமும் முடிச்சுகள் புளியங்கொட்டை புளியங்கொட்டையாகத் தட்டுப்பட்டன. அவர் முகம் விழுந்துவிட்டது.

"சார், பையிலிருந்து நிணநீர் தொடையிடுக்குக்கு வராதே, இடுப்புக்குள்ளதானே போகும்" என்றேன். "தாமல் ஏரித் தண்ணி அதோட மதகு வழியாத்தான் போகும். எங்க ஊர் வயல்ல ஈரம் இருந்தா தாமல் ஏரியைக் குத்தம் சொல்ல முடியுமா?"

"உன் ஏரிக் கதை எனக்கும் தெரியும்யா. கீழ இருக்கிறதை விடு. இடுப்புக்குள்ள என்ன இருக்குன்னு கை எட்டாது. படம் எடுத்துப் பார்த்துடுவோம்" என்றார் அவர்.

அப்போது ஸ்கேன் ஏது? கால் விரல் இடுக்கில் ஒரு நீலச் சாயத்தை ஊசியால் ஏற்றுவோம். நிணநீர்க் குழாய் நீலமாகி, பாதத்தின் மேல் தோலுக்கடியில் நூல் மாதிரி தெரியும். தோலைக் கீறி, அந்த நூலுக்குள் ஊசியை நுழைத்து, எக்ஸ்ரேயில் தெரிகிற ஒரு எண்ணெயை மெதுவாகச் செலுத்த வேண்டும். அது காலிலிருந்து ஏறி, தொடையிடுக்கு, இடுப்பு, வயிறு என்று வழியில் இருக்கும் முடிச்சுகளிலெல்லாம் தங்கும். மறுநாள் படம் எடுத்தால் முடிச்சுகள் மணிமாலை போலத் தெரியும். சீஃப் அந்தச் சாமான்களையெல்லாம் கடல் தாண்டிப் பெட்டியில் சுமந்துகொண்டு வந்திருந்தார். காஞ்சிபுரத்தில் முதல் ஆள் வரதன்.

அந்தச் சாயம் உடம்பெல்லாம் கலந்து ஒன்றிரண்டு நாள் ஆளையே லேசாக நீலமாக்கிவிடும். இதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. காலையில் வரதனின் மனைவி பச்சையம்மா கஞ்சித் தூக்கோடு வந்தவள், கணவனைப் பார்த்தாள், தூக்கைக் கீழே வைத்தாள், சத்தமே போடாமல் கைகூப்பிக்கொண்டு நின்றுவிட்டாள். அப்புறம் சுதாரித்துக்கொண்டு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரு, வியாதி பாக்கச் சொன்னா பெருமாள் கலராக்கி வச்சிக்கீறியே, இன்னாபா இது?"

நான் விளக்கினேன். அவள் பாதிதான் கேட்டாள். கட்டிலுக்கடியில் இருந்த சிறுநீர் பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வீட்டில் தறிக்குப் பட்டு இழைக்கிறவள். கண் தன்னால் சாயத்தை எடை போட்டது.

"நல்ல மயில்கழுத்து. கடையில கேட்டா இந்தச் சாயம் கெடைக்காது" என்றாள். கட்டிலில் படுத்திருந்த வரதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரத்தமாகப் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்துப் பார்த்துப் பயந்திருந்த அந்த மனிதருக்கு நீலம் ஒரு ஆறுதலாக இருந்தது என்று நினைக்கிறேன்.

படம் வந்தது. விளக்குப் பெட்டியில் சொருகிப் பார்த்தோம். இடுப்பின் இரண்டு பக்கமும் மாலை மாலையாக முடிச்சுகள். எல்லாம் பெரிசு பெரிசாக, நடுநடுவே பூச்சி அரித்தாற்போல ஓட்டைகளோடு இருந்தன. சீஃப் வெகுநேரம் பார்த்தார்.

"பரவிடுச்சு. ஆபரேஷன் இல்லை. மெட்ராஸுக்கு எழுதிக் கொடு, கரண்ட் வைக்கட்டும். வலியாவது குறையும்" என்றார். கதிர்வீச்சு சிகிச்சையை அப்போது கரண்ட் என்றுதான் சொல்வோம். அன்று சாயங்காலமே அவர் வேறு வேலையாக மெட்ராஸ் கிளம்பினார். திங்கட்கிழமை திரும்புவதற்குள் வரதனை அனுப்பிவிடச் சொல்லிவிட்டுப் போனார்.

அனுப்பிவிடு என்பது வாயால் சொல்லச் சுலபம். பச்சையம்மாவின் முன்னால் போய் நின்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அறுத்தா பயந்துக்கினு இருப்பேன். அறுக்கவே வேணாம்னு சொல்றியே, அதுக்கு இன்னா அர்த்தம்? நேரா சொல்லுபா" என்றாள். வரதன்தான் என்னைக் காப்பாற்றினார். "அவரை ஏம்மா வாட்டறே" என்று அவளை அடக்கிவிட்டு, "ஐயா, வர்ற வைகாசித் திருவிழாவுல ஒரு தெருவாவது தோள் குடுத்துட்டுப் போயிடணும். அதுவரைக்கும் தாங்குமா?" என்று கேட்டார். வைகாசிக்கு இன்னும் மாதக்கணக்கில் இருந்தது. கத்தி வைக்காமல் விட்டால் தாங்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் வரதனை வீட்டுக்குக் கூட்டிப்போக சீபாதக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். வார்டில் நுழைந்ததும் நீலமாகக் கிடந்த கூட்டாளியைப் பார்த்துச் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நர்சுகள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். நான் மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையாகப் பாதங்கள். வெடிப்பு, முள் கீறல், ஆறாத புண், ஒருவருக்குக் கணுக்காலில் லேசாக யானைக்கால் வீக்கம். பெருமாளைத் தூக்கும் கால் செருப்புக்குள் போகாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. கொதிக்கிற தெருவானாலும் சேறானாலும் வெறுங்கால்தான்.

எனக்குப் பொறி தட்டியது. பல்லக்கின் முன்தண்டு பிடிக்கும் பெரியவரைக் கூப்பிட்டு, ஸ்கிரீனுக்குப் பின்னால் வரச் சொல்லி, வேட்டியைத் தளர்த்தச் சொன்னேன். தொடையிடுக்கில் புளியங்கொட்டை. அடுத்தவரைக் கூப்பிட்டேன். புளியங்கொட்டை. அதற்கடுத்தவர், அதற்கும் அடுத்தவர். ஒருவருக்கு நெல்லிக்காய்.

"இன்னா டாக்டரு, பொண்ணு பாக்கறாப்புல ஒவ்வொருத்தரா கூப்புட்டுக்கினு கீறே?" என்றார் பெரியவர்.

"இது எப்பத்திலேருந்து இருக்குது?"

"நெறியா? கால்ல அடிபட்டா நெறி கட்டும். எங்களுக்கு எப்பவும் அடிபட்டுக்கினேதான் கீது. அப்புறம் அது எங்க போவும்?"

நெறி கட்டுவது ஊரில் யாருக்குத் தெரியாது? எனக்கும் சின்ன வயதில் தெரிந்ததுதான். ஸ்கிரீனுக்குப் பின்னால் நின்றபடி, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, என் தொடையிடுக்கையும் தடவிப் பார்த்தேன். இருந்தது, இரண்டு பக்கமும். எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்தப் பெரியவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

வரதனை வீட்டுக்கு அனுப்பவில்லை. எக்ஸ்ரே பிரிவின் டாக்டர் மேடத்திடம் ஓடினேன். என்னைவிட மூத்தவர், ஊசி குத்துவதில் கெட்டிக்காரர், வார்த்தையிலும் குத்துவார். மூச்சிரைக்க ஒப்பித்தேன், பல்லக்கு முழுக்க நெறிக்கட்டி மேடம் என்று.

"சரிப்பா. கீழ இருக்கிறதுக்கு சாட்சி கொண்டாந்துட்டே. இடுப்புக்குள்ள இருக்கிறதுக்கு சாட்சி யாரு? சீஃப் அதைத்தானே பார்த்தாரு?" என்றார்.

அதுதான் சங்கடம். வருஷக்கணக்காக வெறுங்காலோடு நடந்த, ஆனால் புற்றுநோய் இல்லாத ஒருவருடைய இடுப்புப் படம் வேண்டும். கேட்டால் சீபாதக்காரர்கள் அத்தனை பேரும் கால் நீட்டியிருப்பார்கள். ஆனால் அந்த எண்ணெய் நுரையீரல் வரை போகக்கூடியது. நோயே இல்லாத மனிதரை, என்ன ஆகும் என்று புரியவைக்காமல், கூட்டாளிக்காக என்று சொல்லிப் படுக்கவைப்பது அக்கிரமம். ஆபத்து என்னவென்று முழுக்கத் தெரிந்த வெறுங்கால்காரன் அந்த ஆஸ்பத்திரியில் ஒருவன்தான் இருந்தான்.

மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்றார். கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "ஷூவைக் கழட்டு" என்றார்.

இதோ பாருங்கள், குறிப்பு எடுக்கிறவர்கள் இதை மட்டும் எடுக்காதீர்கள். இன்று நீங்கள் இப்படிச் செய்தால் வேலை போகும், போகவும் வேண்டும். அன்றைக்கு எனக்கு வயது அப்படி. ஒன்றும் ஆகாமல் போனது என் அதிர்ஷ்டம். வீட்டுக்கு நீலமாகப் போனபோது என்ன நடந்தது என்பதையும் சொல்லப்போவதில்லை, என் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். மயில்கழுத்தை மட்டும் என் கண்ணாலேயே பார்த்துக்கொண்டேன். பச்சையம்மா சொன்னது சரிதான், நல்ல சாயம்.

மறுநாள் என் படத்தை விளக்குப் பெட்டியில் சொருகினோம். வரதனுடைய படத்தைப் பக்கத்தில் வைத்தோம். அதே மாலை, அதே வீக்கம், அதே ஓட்டைகள். சொல்லப்போனால் என்னுடையது இன்னும் கொழுத்திருந்தது. மேடமும் நானும் சிரித்தோம், மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். திடீரென்று மேடம் நிறுத்திவிட்டார்.

"தம்பி, உனக்கு நிஜமாவே ஒண்ணும் இல்லையே? ரத்தம் கித்தம் போகலையே?"

"நீலம்தான் மேடம் போகுது" என்றேன். மறுபடியும் ஆரம்பித்தோம்.

திங்கட்கிழமை சீஃப் வந்தார். இரண்டு பாதத்திலும் தையலோடு நான் நொண்டிக்கொண்டே போய் வணக்கம் சொன்னேன். சாயம் முழுக்க இறங்கியிருக்கவில்லை. "முகம் ஏன்யா ஒரு மாதிரி இருக்கு? காமாலையா?" என்று என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். சாயம் கொண்டுவந்தவரே அவர்தான். இருந்தும் அவருக்குத் தோன்றவில்லை.

மேடம் இரண்டு படங்களையும் பெயர்ச்சீட்டை மறைத்து மாட்டிவைத்திருந்தார். "சார், இதுல வரதன் எது?" என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டார்.

சீஃப் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். விரல் நேராக என் படத்துக்குப் போனது. "இதுதான். பாருங்க, எவ்வளவு அரிச்சிருக்கு. இந்த ஆளைத் தொடவே கூடாது. இன்னொருத்தர் யாரு? இவருக்கும் இருக்கு, ஆனா இவருக்கு வேணும்னா யோசிக்கலாம்."

"யோசிக்கலாம்னு சொன்னீங்களே, அவர்தான் சார் வரதன்" என்றேன்.

"அப்ப இது?"

நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். விரல் இடுக்கெல்லாம் நீலம். சீஃப் என் காலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடியும் காலைப் பார்த்தார். பிறகு வெடித்தார். எங்கள் இருவரையும் அன்றே வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார், மேடத்தின் அனுபவத்தை இழுத்தார், என் வம்சத்தையும் இழுத்தார். கத்திக்கொண்டே குனிந்தவர், என் பாதத்தைக் கையில் எடுத்துத் தையல் சீழ் பிடித்திருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கோட்டோடு, அந்தப் பளபளக்கும் ஷூவோடு.

சிரித்து முடித்து எழுந்தபோது அவர் சொன்னதைத்தான் நான் உங்களுக்காகக் கொண்டுவந்திருக்கிறேன். "வரதனுக்குப் பரவலைன்னு இந்தப் படம் சொல்லலைய்யா. நமக்குத் தெரியாதுன்னு மட்டும்தான் சொல்லுது. தெரியாததை வச்சு ஒருத்தனை வீட்டுக்கு அனுப்ப இருந்தேன். பையோட சொந்த முடிச்சுங்க பாதி, காலிலேருந்து ஏத்தற இந்த எண்ணெயில வரவே வராது. திறந்து பார்த்துத்தான் ஆகணும்."

வரதனிடம் அவரே போய்ச் சொன்னார். உள்ளே பரவியிருந்தால் அப்படியே மூடிவிடுவேன், பரவாமல் இருந்தால் கட்டியை எடுத்துவிடுவேன், எது என்று இப்போது எனக்குத் தெரியாது என்றார். பச்சையம்மா, "இதைத்தான் நேரா சொல்லச் சொன்னேன்" என்றாள்.

ஆபரேஷன் தியேட்டரில் வயிற்றைத் திறந்ததும் சிரிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. சீஃப் முதலில் படத்தில் கொழுத்துத் தெரிந்த பெரிய முடிச்சுகளை எடுத்தார். எல்லாம் ரப்பர் மாதிரி மெத்தென்று இருந்தன. பிறகு பைக்குப் பக்கத்தில், இடுப்பெலும்பின் உட்சுவரை ஒட்டி, படத்தில் வராத பள்ளத்தில் விரலை விட்டுத் தேடினார். ஒரு முடிச்சு அகப்பட்டது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, ஆனால் கெட்டியாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். என் விரலையும் வைக்கச் சொன்னார். புற்றுநோய் ஏறிய முடிச்சு அப்படித்தான் கெட்டியாக இருக்கும்.

பெரிசையும் சிறிசையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். வெட்டிக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி, சாயம் ஏற்றி, உருப்பெருக்கியில் பார்த்துச் சொல்ல வேண்டும். காத்திருந்தோம். முடிவு வரும்முன்பே மூடிவிடலாம் என்று சொல்லும் உரிமை சீஃபுக்கு இருந்தது. கை ஓயாமல் ரத்தக் கசிவை ஒற்றி எடுத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் மனதுக்குள் ஊரில் உள்ள எல்லா சாமியையும் கூப்பிட்டேன், சிவனுக்குப் பெரிய காஞ்சிபுரம், பெருமாளுக்குச் சின்ன காஞ்சிபுரம் என்ற பேதம் பார்க்காமல்.

பரிசோதனைக் கூடத்து டாக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு அவரே வந்தார். பெரிய முடிச்சுகளில் பழைய வீக்கம், அவ்வளவுதான். சிறிசில் பழைய தழும்பு, சுண்ணாம்பு பிடித்துக் கெட்டியாகியிருக்கிறது. எதிலும் புற்றுநோய் இல்லை.

"கத்தி" என்று கை நீட்டினார் சீஃப். எனக்குக் கண் கலங்கிவிட்டது, துடைத்துக்கொள்ளக் கை கிடையாது. நர்சம்மா ஒற்றி எடுத்தார். பையின் உச்சியைக் கட்டியோடு எடுத்துவிட்டு மீதியைத் தைத்தோம். சில நாள் கழித்து வந்த முழு அறிக்கையும் அதையேதான் சொன்னது.

இன்று உங்களிடம் கண் மூடித் திறப்பதற்குள் உடம்பை அரிந்து காட்டுகிற ஸ்கேன் இருக்கிறது. நல்லது, எனக்குப் பொறாமைதான். ஆனாலும் முடிச்சு எவ்வளவு பெரிசு என்றுதான் அதுவும் பெரும்பாலும் பார்க்கிறது. பெரிசெல்லாம் நோயில்லை, சிறிசெல்லாம் சுத்தமும் இல்லை. ஏன் வீங்கியது என்று கேட்க ஆள் வேண்டும். எங்கள் சீஃப் அதற்கப்புறம் யாரைப் பார்த்தாலும் முதலில் குனிந்து பாதத்தைப் பார்ப்பார். கோயில் ஊர் ஆயிற்றே, பெரிய டாக்டர் காலில் விழுகிறார் என்று நோயாளிகள் பதறி எழுந்து உட்காருவார்கள். ஐயம்பேட்டையிலிருந்து வந்த ஒரு அம்மாள், "நல்லா இருப்பா" என்று தலையில் கைவைத்து ஆசீர்வாதமே பண்ணிவிட்டாள்.

வைகாசி வந்தது. ஒரு தெரு, ஒரே ஒரு தெரு மட்டும் தோள் கொடுக்கலாம் என்று சீஃப் அனுமதி கொடுத்திருந்தார். கொடுத்துவிட்டு, தானே வந்து பார்க்காவிட்டால் தூக்கம் வராது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பெருமாள் வருகிற தெருவில் செருப்போடு நிற்கக் கூடாதென்று யாரோ சொல்ல, ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தார் ரோடு தோசைக்கல் மாதிரி காய்ந்தது. கூட்டத்தோடு கூட்டமாக அவர் பல்லக்குக்குப் பக்கத்திலேயே தத்தித் தத்தி ஓடிக்கொண்டிருந்தார், கண் மட்டும் வரதனின் வயிற்றுத் தழும்பு இருக்கும் இடத்தைவிட்டு அகலவில்லை.

வரதன் தண்டுக்கடியில் வேர்வையும் சிரிப்புமாக வந்துகொண்டிருந்தார். தெருமுனையில் திரும்பும்போது சீஃபின் வெறுங்காலைப் பார்த்தார்.

"டாக்டரு, செருப்பைப் போட்டுக்கோ. நெறி கட்டிக்கும்" என்றார்.

பல்லக்கு முழுக்கச் சிரித்தது. பெருமாள் லேசாக ஆடினார்.

அடுத்த நாள் காலை சீஃப் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து கட்டுப் போட்டிருந்தார். கதவைத் தாழ் போட்டுவிட்டு, பெல்ட்டைத் தளர்த்தி, தொடையிடுக்கைக் காட்டினார்.

"தொட்டுப் பார்யா."

தொட்டேன். வலது பக்கம், புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று புதிதாக வந்திருந்தது.

"என்ன ஸ்டேஜ்?" என்றார்.

"ஒரு தெரு, சார்" என்றேன்.